புள்ளிக்கு அப்புறம் வரும் எண்கள்

வயது வந்தோர் கல்வி பற்றிப் பேச்சு எழும் எந்தக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார்: "என்னதான் செஞ்சாலும் அவங்களுக்கு ஆர்வம் இல்லைங்க." சொல்பவர் கெட்டவர் இல்லை. பெரும்பாலும் மாலையில் மெனக்கெட்டு வகுப்புக்குப் போய், அங்கே நாலு பேர் மட்டும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சலித்துப்போனவர்தான். ஆனாலும் அந்தப் பேச்சு என்னை விடமாட்டேன் என்கிறது. நீலகிரி மாவட்டம் பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தன்னார்வலராகப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். என் முன்னால் உட்காருகிறவர்கள் நாற்பதிலிருந்து அறுபதைத் தாண்டிய வயதுவரை உள்ள பெண்கள். அவர்களோடு பழகிய பிறகு 'ஆர்வம் இல்லை' என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அவர்களுடைய ஒரு நாளைப் பாருங்கள். விடிவதற்கு முன்னால் எழுந்து சமைத்து, பேரப்பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு, காலையில் பெரட்டுக்கு நிற்க வேண்டும். சிலோனிலிருந்து வந்த குடும்பங்களில் ஆள் கணக்கெடுப்புக்கு இன்றும் பெரட்டு என்றுதான் பேர். பிறகு நாள் முழுக்க மலைச்சரிவில் கொழுந்து. இப்போது கையால் பறிப்பது குறைந்து இலை வெட்டும் கத்தரிக்கோல் வந்துவிட்டது. தோள்பட்டை வலி தனிக்கணக்கு. கொழுந்தை எடை போடும் கடைசி நிறுவை முடிந்து, தொழிலாளர் குடியிருப்பான லைனுக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். அப்புறம் தண்ணீர், விறகு, அடுப்பு. வகுப்பு ஆறரைக்கு. ஜூன் தொடங்கி ஆகஸ்ட்வரை தேவாலா, பந்தலூர் பக்கம் மழை எப்படிக் கொட்டும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை இல்லாத நாளில் யானை. சேரம்பாடியோ ஓவேலியோ, பொழுது இறங்கிய பிறகு பெண்கள் தனியாக நடந்துபோவதை எந்த வீட்டிலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 2024 ஜனவரியில் பந்தலூர் பக்கம் ஒரு குழந்தையைச் சிறுத்தை கொன்ற பிறகு பல வாரங்கள் யாரும் வாசலைத் தாண்டவில்லை. இரவுப் பள்ளி என்ற ஏற்பாட்டையே சமவெளிக் கிராமத்தை மனதில் வைத்து யாரோ யோசித்திருக்கிறார்கள். அதை அப்படியே மலைக்குத் தூக்கிவந்து, வராதவர்கள் பேரில் குற்றம் சொல்கிறோம்.

2025 நவம்பர்வரை நடப்பில் இருந்த 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று இருந்தது. 6 முதல் 12 வயதுவரை உள்ள பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் அவர்கள் படிக்க வசதி செய்யவும் வழி இருந்தது. தொழிலாளியின் பிள்ளை படிக்க வேண்டும் என்று அன்றைக்கே யாரோ நினைத்திருக்கிறார்கள். ஆனால் தொழிலாளி படிப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. பன்னிரண்டு வயது தாண்டியவர் கைக்குக் கூடை வந்துவிடும், அதோடு அவர் கணக்கு முடிந்தது என்பதுபோல.

தாள் கேட்ட அரசுகள்

என் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1948-இல் இலங்கையில் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அவர் சின்னப் பெண். அப்பன் இலங்கையில் பிறந்ததற்கு, இல்லையென்றால் தாத்தாவும் பூட்டனும் அங்கே பிறந்ததற்கு ஆதாரம் காட்டினால்தான் குடியுரிமை என்றார்கள். லயத்தில், அதாவது அங்கத்தைய லைன் வீடுகளில், பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் பிறப்புச் சான்றிதழ் இருந்திருக்கும்? மலையை வெட்டித் தேயிலை நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களானார்கள். 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு தலைநகரங்கள் ஆட்களைப் பிரித்துக்கொண்டன. மிஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் சரிபாதியாகப் பங்கு போட்டார்கள். விண்ணப்பம் எழுத ஆள் வைத்து, அவர் எழுதியதில் ரேகை வைத்து, கண்டிக்கு அலைந்து பாஸ்போர்ட் வாங்கி, தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, கடைசியில் நீலகிரிக்கு வந்து சேர்ந்தார்கள். இப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-இல் தமிழ்நாடு அரசு இங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அதுதான் இன்றைய டேன்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்.

அப்பாயி தான் ரேகை வைத்த காகிதங்களில் என்ன எழுதியிருந்தது என்பதைக் கடைசிவரை தெரிந்துகொள்ளாமலே போய்ச் சேர்ந்தார். "எழுதுனவன் நல்லவன்னு நம்பிக்கிட்டேன், வேற என்னா செய்ய" என்பார். அந்தக் குடும்பத்தில் யார் அக்கரையில் இருப்பது, யார் இக்கரைக்கு வருவது என்பதை அந்தத் தாள்கள்தான் முடிவுசெய்தன. அவருடைய தங்கை அங்கேயே நின்றுபோனார். இருவரும் அப்புறம் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை.

1978 அக்டோபர் 2-இல் ஜனதா அரசு தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. பெரிய கனவு. 10 கோடிப் பேருக்கு எழுத்தறிவு என்று இலக்கு வைத்தார்கள். ஆனால் வயது வரம்பு 15 முதல் 35. அப்பாயி வந்து இறங்கியபோதே முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தார். கூட வந்த எத்தனையோ பெண்களுக்கும் இதே கதை. நாட்டுக்கு உழைத்துக்கொடுக்கும் வயது எதுவோ அதுதான் படிக்கும் வயது என்று திட்டம் கணக்குப் போட்டிருக்கிறது. 1988-இல் வந்த தேசிய எழுத்தறிவு இயக்கமும் அதே வரம்பைத்தான் வைத்தது. ஆனால் நாற்பது வயதுக்காரியிடம்தானே எல்லா அலுவலகமும் கையெழுத்துக் கேட்டது?

1990-களில் வந்த அறிவொளி இயக்கத்தைப் பற்றி நான் குறைவாகப் பேச மாட்டேன். அது அரசுத் திட்டமாக மட்டும் இல்லாமல் ஊர்த் திருவிழாவாக நடந்தது. பாட்டு, நாடகம், தெருமுனைக் கூட்டம் என்று எங்கள் மலைக்கும் அதன் சத்தம் எட்டியது. புதுக்கோட்டையில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றதை எல்லோரும் சொல்வார்கள். நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது, அந்த நாட்களில் அங்கே கல்லுடைக்கும் பெண்கள் குவாரிகளைத் தாங்களே குத்தகைக்கு எடுத்ததை. எழுத்து அங்கே கூலியைப் போய்த் தொட்டது. அது தொட்ட இடத்தில் ஆர்வம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் அதே ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. 1991 கடைசியில் சோவியத் யூனியன் கலைந்தது. நீலகிரித் தேயிலைக்கு அது பெரிய வாடிக்கை. ரூபாயிலேயே வியாபாரம் நடந்ததால் தரத்தைப் பற்றிப் பெரிய கேள்வி இல்லாமல் இங்கிருந்து தூள் போய்க்கொண்டிருந்தது. அந்த ஏற்பாடு போனதன் அடி பத்தாண்டு முடியும்போது முழுதாக விழுந்தது. பச்சைத் தேயிலை விலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கி, குன்னூர், கோத்தகிரி பக்கம் சிறு விவசாயிகள் தெருவுக்கு வந்து போராடினார்கள். தோட்டங்கள் ஆளைக் குறைத்தன, நிரந்தர வேலை தற்காலிகமானது. அறிவொளியில் 'அ' எழுதிய கை, வேலையில் இருக்கிறேனா இல்லையா என்று சொல்லும் தாளைப் படிக்க முடியாமல் நின்றது.  தற்காலிகப் பணியாளர் ஒப்பந்தம் எந்த எழுத்தறிவுப் புத்தகத்திலும் இல்லை.

புள்ளிக்கு அப்புறம்

வகுப்பு தொடங்கிய புதிதில் நானும் கையேட்டின்படிதான் போய்க்கொண்டிருந்தேன். இப்போதைய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் வயது உச்சவரம்பு இல்லை, 15 வயதுக்கு மேல் யாரும் சேரலாம். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது குழந்தைக் காப்பகத்தில். பகலில் தொட்டில் தொங்கும் கம்பியிலேயே மாலையில் கரும்பலகையை மாட்டிவிடுவோம்.

முன்வரிசையில் ஓர் அக்கா உட்காருவார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பெயர் எழுதப் பழகும் பாடத்தில் அவருக்கு நாட்டமே இல்லை. தன் பெயரை எழுதத்தான் எல்லோரும் முதலில் ஆசைப்படுவார்கள் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். இவர் எழுதினார், பார்த்தார், அழித்தார். ஒரு நாள் வகுப்பு முடியும் நேரத்தில் மெதுவாகக் கேட்டார்: "டீச்சர், தராசுல ஒரு புள்ளி வருதே, அதுக்கு அப்புறம் மூணு நம்பர் ஓடுது. அது என்னா?"

தோட்டங்களில் இப்போது மின்னணுத் தராசுதான். சாக்கைக் கொக்கியில் மாட்டினால் சிவப்பு எழுத்தில் எடை காட்டும். "நீங்க என்ன நினைச்சீங்க அக்கா?" என்றேன்.

"அது எங்களுக்கு இல்லேன்னு நெனச்சேன். எடை குறிக்கிற ஐயா அத எழுதறதே இல்ல."

பலகையில் 17.650 என்று எழுதினேன். 17 எல்லோருக்கும் தெரியும். பஸ் நம்பர், போன் நம்பர், ரூபாய் நோட்டு என்று எண்கள் அவர்களுக்குப் புதிதில்லை. அரைக்கிலோ, முக்கால் கிலோ, நூறு கிராம் எல்லாம் கடைவீதியில் அத்துப்படி. புள்ளிக்கு அப்புறம் 500 என்று வந்தால் அது அரைக்கிலோ என்பதை மட்டும் இதுவரை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. "அப்போ இது முக்கால் கிலோவுக்கு நூறு கிராம் கம்மி" என்று பின்னாலிருந்து ஒருவர் சட்டென்று சொன்னார். எனக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த கால் மணி நேரம் அவர்களே பேசினார்கள். சாக்குக்கும் ஈரத்துக்கும் முதலில் கழிக்கிறார்கள். கழித்தது போக மிஞ்சுவதில் புள்ளிக்கு இந்தப் பக்கம் இருப்பதை மட்டும் நோட்டில் எழுதுகிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. ஒரு நிறுவையில் சராசரியாக அரைக்கிலோ போகிறது என்று வைத்தால் நாளைக்கு ஒன்றரை, 26 நாள் பெரட்டுக்கு 39 கிலோ. ஒருவருக்கு ஒரு மாதத்தில் 39 கிலோ! கிட்டத்தட்ட இரண்டு நிறுவைக் கொழுந்து. குறித்த அளவுக்கு மேல் வரும் கிலோவுக்குத் தனிக் காசு கொடுக்கும் மாதங்களில் அது நேராகக் கைக்கு வந்திருக்க வேண்டிய பணம்.

அந்தப் பெருக்கலை நான் செய்யவில்லை. சீமைக் கணக்குத் தெரியாது என்று எப்போதும் சொல்லிக்கொள்ளும் ஒரு பாட்டி விரல் மடக்கிப் போட்டார். எழுத்தே தெரியாதவர் என்று என் வருகைப் பதிவேட்டில் குறிக்கப்பட்டவர் அவர்.

மறுநாள் நிறுவையில் நடந்ததை அவர்கள் சொல்லிக் கேட்டேன். அந்த அக்கா சண்டை எதுவும் போடவில்லை. தன் சாக்கு தொங்கியதும் தராசைப் பார்த்து, கழிவு போனதைத் தானே கணக்கிட்டு, "பதினெட்டு புள்ளி நானூறு" என்று வாய்விட்டுப் படித்திருக்கிறார். பின்னால் நின்றவர் தன்னுடையதைப் படித்தார். வரிசை முழுக்க இது தொடர்ந்தது. எழுதுகிறவருக்கு முதலில் சிரிப்பு, அப்புறம் எரிச்சல். "அந்தக் காலத்துலேர்ந்து இப்படித்தான்" என்றாராம். ஆனால் தினமும் மூன்று வேளை ஒரு வரிசையே தன் எடையை உரக்கப் படித்தால் எத்தனை நாளைக்குக் காதில் விழாததுபோல இருக்க முடியும்? கொஞ்ச நாள் இழுபறிக்குப் பிறகு அரைக்கிலோவும் அதற்கு மேலும் இருந்தால் அரை என்று எழுதத் தொடங்கினார்கள். முழுசாகக் கிடைக்கவில்லை, பாதி கிடைத்தது. அதற்குள் எங்களுக்குப் பிள்ளைக்காம்பராவின் சாவி கிடைப்பது அடிக்கடி தாமதமாகி, கடைசியில் வகுப்பு ஒரு லைன் வீட்டுத் திண்ணைக்கு மாறியது. காரணம் என்னவென்று யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தேவைப்படவில்லை.

அந்த வாரங்களில் வகுப்பில் இடம் போதவில்லை. மழையில் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். வீட்டு ஆண்கள் டார்ச் அடித்துக்கொண்டு கூட வந்தார்கள். ஆர்வம் எங்கே இருந்தது, எங்கே இல்லாமல் போனது என்பதை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். அந்த அக்கா அரசுக் கணக்கில் இன்னும் எழுத்தறிவு பெறாதவர்தான். வாசித்தல், எழுதுதல், எண்ணறிவு என்று மூன்று பகுதிகளாகத் தேர்வு வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொழுந்து தள்ளுகிற பருவம், அன்று வேலை இருந்தது, அவர் வேலைக்குப் போனார்.

பின்வரிசை

இந்தக் கதையை இதோடு நிறுத்தினால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் வகுப்புக்குள்ளேயே மேடு பள்ளம் இருக்கிறது. பக்கத்துக் காலனியிலிருந்து பணியர் பழங்குடிப் பெண்கள் சிலர் வருவார்கள். யாரும் சொல்லாமலே கடைசியில், சுவரை ஒட்டி உட்காருவார்கள். இந்த மண்ணில் எங்கள் எல்லோருக்கும் முன்னால் இருந்தவர்கள் அவர்கள். சிலோன்காரர்கள் வந்தது ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்னால். பணியர்களோ தலைமுறை தலைமுறையாக மற்றவர் நிலத்தில் அடிமைப்பட்டுக் கிடந்த சமூகம். 2011 கணக்கெடுப்பில் நீலகிரியின் எழுத்தறிவு 85 விழுக்காட்டுக்கு மேல், மாநிலச் சராசரியைவிட அதிகம். அந்த எண்ணை மேடையில் பெருமையாகச் சொல்வார்கள். அதே கணக்கில் ஆண்கள் 92, பெண்கள் 79. மாநிலம் முழுக்கப் பழங்குடிகளை மட்டும் எடுத்தால் 54தான். மாவட்டத்தின் நல்ல எண்ணுக்குள் இந்தப் பின்வரிசை காணாமல் போய்விடுகிறது.

பி.எஃப். சீட்டைப் பாடமாக எடுத்த அன்று பின்வரிசை பாதியில் எழுந்து போய்விட்டது. அவர்கள் பெயர் தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் இல்லை. கூட்டிவரும் ஆள் மூலமாகக் கூலி வாங்கும் நாள் கூலிகளுக்கு ஏது பி.எஃப்.? வீட்டில் பேசுவது பணியர் மொழி, வகுப்பில் தமிழ். அதற்கு மேல் தங்களுக்கு இல்லாத பணத்தைப் பற்றிய பாடம். அடுத்த வாரம் அவர்களிடமே என்ன வேண்டும் என்று கேட்டோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு பெண், கடைக்காரர் எழுதும் பற்று நோட்டைப் படிக்க வேண்டும் என்றார். வாரக் கூலி கைக்கு வருவதற்கு முன்னாலேயே அந்த நோட்டுக்குப் போய்விடுகிறது. அரிசி, எண்ணெய், வெற்றிலை, பழைய பாக்கி என்று எழுதிய ஒரு பக்கத்தைப் பலகையில் எடுத்து எழுதினோம். 'பழைய பாக்கி' என்ற சொல்லைத்தான் அவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் படிக்கக் கற்றார்கள்.

இப்போது ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்களும் லைன்களில் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் பன்னிரண்டாவது முடித்துத் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போன இடத்தை அவர்கள் நிரப்புகிறார்கள். அவர்களுக்குத் தமிழ்ப் பாடப் புத்தகத்தால் என்ன பயன்? தராசு எண் எல்லோருக்கும் ஒன்று என்பதால் அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் வந்தார்கள். அப்புறம் வரவில்லை. அவர்களுக்கான திட்டம் எதுவும் என் கையில் இல்லை.

போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பாயி காலத்தில் தாளைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தார், அவர் முகமாவது தெரியும். இப்போது பி.எஃப். எடுக்க ஆதாரிலும் தோட்டத்துப் பதிவிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போக வேண்டும். ஓ.டி.பி. வந்தால் சில நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். முப்பது வருடம் உழைத்த ஒருவர், வேலையில் சேர்ந்த அன்று யாரோ ஊகித்து எழுதிய ஒரு தேதிக்காகக் கடை கடையாக ஏறி இறங்குகிறார். பிள்ளை கூட இருக்கிற வீட்டில் வேலை நடக்கிறது. பிள்ளை திருப்பூரில் இருக்கிற வீட்டில், எண்ணைக் கேட்கிற எவருக்கும் சொல்லிவிடுகிறார்கள். நாடு ஒவ்வொரு முறை மாறும்போதும் அந்த மாற்றம் முதலில் இவர்களிடம்தான் ஒரு தாளை நீட்டுகிறது. அந்தத் தாளைப் படிக்கக் கற்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. அதற்கு இவர்களைக் குறை சொல்வது எந்த நியாயத்தில் சேர்த்தி?

எனக்கு இப்போது கேட்கத் தோன்றுவது ஒன்றுதான். வகுப்பைக் கூலி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும். வாரத்தில் ஒரு நாள், மதிய நிறுவை முடிந்ததும் ஒரு மணி நேரம். அந்த நேரத்துக்கும் பேர் போட வேண்டும், அதாவது கூலிக் கணக்கில் சேர்க்க வேண்டும். செக்ரோலில் இருப்பவர்களுக்கு மட்டுமில்லை, அன்று மலையில் நிற்கிற எல்லோருக்கும். இருட்டுப் பயம் இல்லை, யானைப் பயம் இல்லை, அடுப்பு எரியவில்லையே என்ற பதைப்பு இல்லை. பாடமும் அவர்கள் கையில் இருக்கும் தாளிலிருந்தே வரட்டும்: நிறுவைச் சீட்டு, சம்பளச் சீட்டு, பற்று நோட்டு, ரேஷன் கடைக் குறுஞ்செய்தி. ஒரு மணி நேரம் என்பது எட்டு மணி வேலையில் எட்டில் ஒரு பங்கு, அதுவும் வாரத்துக்கு ஒரு முறை. தோட்டம் கொடுக்கட்டும், இல்லை எழுத்தறிவுத் திட்டம் கொடுக்கட்டும், இரண்டும் பாதிப் பாதி போடட்டும். பிள்ளைக்காம்பராவைச் சட்டத்தில் எழுதியபோது அதுவும் தோட்டத்துக்குச் செலவாகத்தான் தெரிந்திருக்கும்.

தொழிற்சங்கக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "முதல்ல கூலியப் பார்ப்போம் டீச்சர், படிப்பு அப்புறம்" என்றார். நல்ல மனிதர், எங்கள் லைன்களுக்காகச் சிறைக்குப் போனவர். அவரிடம் 39 கிலோ கணக்கை எழுதிக் காட்டினேன். இரண்டு முறை பார்த்துவிட்டு, இது எல்லாத் தோட்டத்திலும் இப்படியா என்று கேட்டார். எல்லாத் தோட்டத்தையும் பற்றி என்னால் சொல்ல முடியாது. ஒவ்வொரு தோட்டத்திலும் தராசுக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய விஷயம் இது. அடுத்த கூலி ஒப்பந்தப் பேச்சுக்கான கோரிக்கைப் பட்டியலில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லிச் சங்கங்களுக்கு மனு கொடுத்திருக்கிறோம். ஒன்று, நிறுவையில் புள்ளிக்கு அப்புறம் உள்ளதையும் எழுத வேண்டும். இன்னொன்று, வாரம் ஒரு மணி நேர வகுப்புக்குக் கூலி வேண்டும். முதல் வரிக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது.